இருட்டுக்குக் கொடுத்த நேரம்



கடந்த இதழில் இந்தப் பக்கத்தில் நித்திரையைப் பற்றிக் கதைத்தோம். இம்முறை ஒரு கடற்குகையைப் பற்றியும், ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்னர் அதைப் படம் பிடிக்கப் போனவர்களைப் பற்றியும் கதைப்போம். வைத்தியசாலையில் வேலை செய்கிறவர்களுக்குக் குகையோடும் கமராவோடும் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துப் படக்காரர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால், எங்கள் மருந்து அலுமாரியில் இருக்கிற போத்தல்களில் சில அங்கேயும் இருக்கின்றன. அதனால்தான் இந்தக் கதை தாதியர்களாகிய எங்களைப் பிடித்துக்கொண்டது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் மல் என்றொரு பெரிய தீவு இருக்கிறது. அதற்கும் மேற்கே, திறந்த கடலில், ஸ்டாஃபா என்ற சின்னத் தீவு. இன்று அங்கே குடியிருப்பவர் யாருமில்லை. அதற்குத் தெற்கே அயோனா. 563ஆம் ஆண்டில் கொலும்பா அயர்லாந்திலிருந்து வந்து மடம் அமைத்த தீவு அது. நம்மில் அயோனாவுக்குப் போய் வந்தவர்கள், படகுக்காரர் ஸ்டாஃபாவை நோக்கிக் கை காட்டியதைக் கண்டிருக்கக்கூடும். விக்டோரியா காலத்திலேயே ஓபன் துறைமுகத்திலிருந்து புறப்படும் நீராவிக் கப்பல்கள் இந்த இரண்டு தீவுகளையும் ஒரே நாளில் காட்டித் திரும்பின.

ஸ்டாஃபாவின் தெற்குப் பக்கத்தில்தான் ஃபிங்கல் குகை இருக்கிறது. கடல் நேரே உள்ளே போய் வருகிற குகை. வாயில் 20 மீற்றர் அளவு உயரம். உள்ளே ஏறத்தாழ 70 மீற்றர் ஆழம். இரண்டு பக்கமும் கரிய தூண்கள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆறு பட்டை கொண்டவை. யாரோ அளந்து, செதுக்கி, அடுக்கி வைத்தது போல இருக்கும்.

ஆனால் எந்தச் சிற்பியும் அங்கே வேலை செய்யவில்லை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு வெளிவந்து தேங்கியது. அது ஆறும்போது சுருங்கியது, சுருங்கும்போது வெடித்தது. வெடிப்புகள் குளிர்ந்த மேற்பரப்பிலிருந்து மெல்ல உள்ளே இறங்கி, பாறையைத் தூண் தூணாகப் பிரித்தன. கோடையில் வற்றிய குளத்தின் சேறு கட்டம் கட்டமாக வெடித்துக் கிடப்பதை ஊரில் பார்த்தவர்களிடம் கேளுங்கள், உடனே விளங்கிவிடும். சேற்றில் நடப்பது இங்கே பசால்ட் பாறையில் நடந்திருக்கிறது. பிறகு கடல் வந்து, தூண்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, குகையைக் குடைந்தது. வட அயர்லாந்தில் இருக்கும் ஜயண்ட்ஸ் கோஸ்வேயும் இதே வகைப் பாறைதான்.

அக்கம்பக்கத்துக் கேலிக் மொழி பேசும் மக்கள் இதை இனிய ஓசையின் குகை என்று அழைத்தார்கள். அலை உள்ளே போய் முட்டித் திரும்பும்போது எழும் முழக்கத்துக்கு வைத்த பெயர் அது. வெளியுலகம் இதை அறிந்தது 1772இல். ஜோசப் பாங்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் இங்கே இறங்கினார். அவரோடு வந்த ஓவியர்கள் வரைந்தவை அச்சில் வந்ததும் குகையின் புகழ் பரவியது. 1829இல் மெண்டல்சன் என்ற 20 வயது இசையமைப்பாளர் வந்தார். கடற்பயணம் அவருடைய வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தப் பயணத்திலிருந்து பிறந்த 'ஹெப்ரிடீஸ்' என்ற இசை 1832இல் லண்டனில் முதன்முதலாக ஒலித்தது. அதே ஆண்டில் டர்னர் என்ற ஓவியர் தன் ஸ்டாஃபா ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். அதிலே பார்த்தால் புயலும், மூடுபனியும், ஒரு நீராவிக் கப்பலின் கரும்புகையும்தான் பெரிதாகத் தெரியும். குகை எங்கே என்று தேட வேண்டும். 1847இல் விக்டோரியா மகாராணியே படகில் குகைக்குள் போய் வந்தார்.

ஓவியருக்கு ஒரு வசதி உண்டு. பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆறுதலாக இருந்து வரையலாம். தூண் கோணலாக இருந்தால் நிமிர்த்தலாம். இருட்டாக இருந்த இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் பூசலாம். கமராவோடு போனவருக்கு அந்த வசதி கிடையாது. இருட்டு அங்கே இருக்கிறது, அலை அசைகிறது, படம் அங்கேயே பிறக்க வேண்டும்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் அபர்டீன் நகரத்து ஜோர்ஜ் வொஷிங்டன் வில்சன். பெயரைப் பார்த்து அமெரிக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். 1823இல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில் பிறந்தவர். முதலில் தச்சு வேலை பழகினார். பிறகு உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன உருவப்படங்கள் வரைந்தார். 1850களில் கமராவைக் கையில் எடுத்தார். பல்மோரல் மாளிகையில் அரச குடும்பத்துக்காகப் படம் எடுத்து, ஸ்கொட்லாந்தில் மகாராணியின் படக்காரர் என்று பெயர் பெற்றார். அவரும் அவருடைய நிறுவனமும் எடுத்த கண்ணாடித் தகடுகளில் 37,000-க்கும் மேல் இன்று அபர்டீன் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவர் விற்ற காட்சிகளில் ஃபிங்கல் குகையும் ஒன்று.

இனி அந்தப் பெட்டியைத் திறப்போம்.

முதல் போத்தல் கொலோடியன். பஞ்சை அமிலத்தில் பதப்படுத்தி, ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்தால் தேன் போன்ற ஒரு திரவம் கிடைக்கும். தோலில் பூசினால் ஈதர் பறந்துபோய், மெல்லிய ஒட்டுப்படலம் மிஞ்சும். 1840களின் பிற்பகுதியில் வைத்தியர்கள் அதைக் காயங்களை மூடப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கும் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும்போது, தலையில் வைக்கும் சின்னத் தகடுகள் கழன்றுவிடாமல் இருக்கச் சில இடங்களில் கொலோடியனால்தான் ஒட்டுகிறார்கள். அந்த வாசனை ஒரு தரம் மூக்கில் ஏறினால் மறக்காது.

காயத்துக்குப் போட்ட இந்தப் படலத்தைக் கண்ணாடி மேல் ஊற்றலாம் என்று கண்டவர் லண்டனில் சிற்பியாக இருந்த ஃபிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர். 1851இல் தன் முறையை வெளியிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார். உலகமெங்கும் படக்காரர்கள் அந்த முறையால் பிழைத்தார்கள். அவரோ 1857இல் வறுமையில் இறந்தார். அவருடைய பிள்ளைகளுக்காக மற்றவர்கள் பணம் சேர்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது போத்தல் சில்வர் நைட்ரேட். எங்களுக்கு இது நன்றாகத் தெரிந்த மருந்து. மூக்கில் இரத்தம் நிற்காவிட்டால், காயத்தில் சதை மிஞ்சி வளர்ந்தால், இதன் குச்சியால் தொட்டுச் சுடுவார்கள். தொட்ட இடம் கறுத்துப் போகும். 1880களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரடே என்ற மகப்பேற்று வைத்தியர், பிறந்த குழந்தைகளின் கண்களில் இதன் துளியை விட்டு, தொற்றினால் வரும் குருட்டுத்தனத்தைப் பெருமளவு தடுத்தார். படக்காரர்களின் விரல்களை இதே மருந்து கறுப்பாக்கியது. தொழிலை ஒளிக்க முடியாது, கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது போத்தல், படத்தை நிலைக்கச் செய்யும் மருந்து. சிலர் பொட்டாசியம் சயனைட் பயன்படுத்தினார்கள். ஆம், அந்த நஞ்சேதான். வேறு சிலர் 'ஹைப்போ' என்று அழைக்கப்பட்ட சோடியம் தயோசல்பேட்டைப் பயன்படுத்தினார்கள். சயனைட் நஞ்சு உடலில் ஏறியவர்களுக்கு இன்று கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று அந்த இரண்டாவதுதான். நஞ்சும் அதன் முறிவும் ஒரே வேலைக்கு ஒரே தொழிலில் இருந்திருக்கின்றன.

செய்முறை இப்படி. கண்ணாடியைத் துடைத்து, அதன் நடுவில் கொலோடியனை ஊற்ற வேண்டும். கண்ணாடியை நான்கு மூலைக்கும் சாய்த்து, திரவத்தை எங்கும் ஓடவிட்டு, மிஞ்சியதைப் போத்தலுக்குள் திருப்பி வடிக்க வேண்டும். பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் சில்வர் நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் அமிழ்த்த வேண்டும். ஈரம் சொட்டச் சொட்ட அதை உறைக்குள் மூடி, கமராவுக்கு ஓட வேண்டும். மூடியைத் திறந்து வெளிச்சம் காட்டி, மறுபடி மூடி, கூடாரத்துக்குத் திரும்பி ஓட வேண்டும். மருந்து ஊற்றி உருவத்தை எழுப்பி, கழுவி, நிலைப்படுத்த வேண்டும். எல்லாம் தகடு காய்வதற்கு முன் முடிய வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம்தான் கணக்கு. காய்ந்துபோனால் அந்தத் தகடு ஒன்றுக்கும் உதவாது.

படத்தைப் பெரிதாக்குவதும் அப்போது எளிதாக இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ, அவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும். ஆகவே ஒரு குகையைப் படம் பிடிக்க, கனமான கமரா, பெட்டி நிறையக் கண்ணாடி, நஞ்சும் தீப்பற்றும் திரவமும் நிறைந்த போத்தல்கள், கூடாரம் எல்லாவற்றையும் ஆடுகிற படகில் ஏற்றி, வழுக்கும் தூண் முனைகளில் இறக்க வேண்டும். இன்று ஸ்டாஃபாவுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு இறங்கவே கம்பியைப் பிடிக்கிறார்கள்.

தண்ணீரையும் கொண்டுபோக வேண்டும். சுற்றிலும் கடல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சில்வர் நைட்ரேட்டும் உப்பும் சேர்ந்தால் உடனே பால் போல வெள்ளையாகத் திரிந்துவிடும். இதை நாங்கள் வார்டில் கண்ணால் காண்கிறோம். குச்சியால் சுட்ட இடத்தில் மருந்தின் வேலையை நிறுத்த வேண்டுமானால், சேலைன் எனப்படும் உப்புநீரால் கழுவினால் போதும். எங்களுக்கு உதவி செய்கிற அந்த உப்பு, படக்காரருக்குப் பகை. அலை தெறித்து சில்வர் கரைசலுக்குள் விழுந்தால் அந்த நாளின் வேலை கெட்டது. கடலுக்கு நடுவில் நின்று, கடலைத் தொடவிடாமல் கடலைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் மேல் பெரிய சிக்கல் இருட்டு. அந்தக் காலத்துத் தகட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். மஞ்சள், சிவப்பு, பழுப்பு எல்லாம் ஏறக்குறைய கறுப்பாகவே விழும். வானமும் நுரையும் சட்டென்று பதிந்துவிடும். கரிய பசால்ட் தூண் பதிய நேரம் எடுக்கும். குகையின் உட்புறம் பதிய இன்னும் நீண்ட நேரம். சில செக்கன்களில் மூடியைப் போட்டால் வானம் அழகாக வரும், குகை வெறும் கறுப்பு ஓட்டையாக நிற்கும். குகை வேண்டுமென்றால் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் வானம் வெளுத்துப் போகும், அலை அசைந்து அசைந்து பனிப்புகை போலாகிவிடும். எதையாவது விட்டுக்கொடுக்காமல் அங்கே படம் எடுக்க முடியாது.

அந்தக் காலத்துக் குகைப் படங்களை ஓர் அருங்காட்சியகத்திலோ புத்தகத்திலோ பார்க்கக் கிடைத்தால், கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். நடுவில் கறுத்த வளைவு, இரண்டு பக்கமும் தூண்கள், கீழே படி போல உடைந்த தூண் முனைகள். முதல் பார்வையில் நடுவில் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் கறுப்புக்குள்ளே ஒரு தூணின் விளிம்பு தெரியும். அதற்குப் பின்னால் இன்னொன்று. அந்த விளிம்பு தானாக வரவில்லை. யாரோ ஒருவர் கமராவுக்குப் பக்கத்தில், தகடு காய்ந்துவிடுமோ என்ற பயத்தோடு நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குகைக்குக் கொடுத்த நேரம் அது. படகை அசையாமல் பிடித்திருந்தவரும், கண்ணாடியைச் சுமந்தவரும், தண்ணீர் ஊற்றியவரும் படத்தில் இல்லை. ஓடி ஓடி வேலை செய்கிறவர்கள் நீண்ட நேரப் படங்களில் விழுவதில்லை. இரவு வேலை செய்கிற எங்களுக்கு அதைப் பார்த்தால் ஒரு சிரிப்பு வருகிறது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் இருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால், மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். விழித்திரையில் மங்கிய ஒளிக்கென்று இருக்கிற கலங்கள் மெல்லத்தான் எழும்பும். இரவு வார்டுக்குள் நுழைந்ததும் கட்டில்கள் கறுப்புக் குவியல்களாகத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றால், யார் புரண்டு படுக்கிறார், யார் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறார் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். ரோர்ச் அடித்தால் அடித்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். மற்றதெல்லாம் முன்னிலும் இருட்டாகும். அந்த ஆளும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மனிதர்கள் விஷயத்திலும் நாங்கள் இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் "பரவாயில்லை" என்பார்கள். அது சில செக்கன் படம். வானம் மட்டும் பதிந்த படம். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, தலையணையைச் சரிசெய்து, ஒன்றும் கேட்காமல் பத்து நிமிடம் இருந்தால், பதினோராவது நிமிடத்தில் ஒரு வசனம் வரும். "பிள்ளை, எனக்கு இரவில் பயமாக இருக்கிறது" என்று வரும். அந்த வசனத்துக்காகத்தான் வந்தோம் என்று அப்போது தெரியும்.

உங்கள் வயதில் இது இன்னும் கூடுதலாக நடக்கிறது. நம் வீடுகளில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிறார்கள். சோதனை முடிவு நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பெரியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறவரைப் பார்த்து, "அவன் அப்படித்தான், ஒருத்தரோடும் கதைக்க மாட்டான்" என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பும் ஒரு செக்கன் படம்தான். உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு முன்னர், நாம் எவ்வளவு நேரம் மூடியைத் திறந்து வைத்திருந்தோம் என்று கேட்க வேண்டும்.

ஈரத் தகடு இன்னொன்றையும் காட்டுகிறது. காத்திருக்கும் பொறுமை வேண்டும் என்பது உண்மை. தொடங்குவதைத் தள்ளிப்போட முடியாது என்பதும் அதே அளவு உண்மை. ஒரு நண்பர் வழமைக்கு மாறாக இரவு 11 மணிக்கு "முழித்திருக்கிறாயா?" என்று செய்தி அனுப்பினால், தகடு ஈரமாக இருக்கிறது என்று பொருள். "நாளைக்குக் கதைப்போம்" என்றால் நாளைக்கு அது காய்ந்திருக்கலாம். அவர் உயிரோடு இருக்க விருப்பமில்லை என்பது போல ஏதாவது சொன்னால், அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டாம். நம்பகமான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். அந்த நேரமே ஆபத்து என்றால் 999. பிரித்தானியாவில் சமரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். நீங்கள் வைத்தியராக மாற வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும், மற்ற வேலையைச் செய்ய நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கையில் இருக்கிற கைபேசியும் இருட்டில் இதையேதான் செய்கிறது. நைட் மோட் போட்டால், அசையாமல் பிடியுங்கள் என்று கேட்கும். சில செக்கன்களுக்குப் பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, இருட்டுக்குள்ளிருந்து முகத்தை மீட்டுத் தரும். 160 ஆண்டுகளில் மருந்தும் கண்ணாடியும் கூடாரமும் போய்விட்டன. அசையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் போகவில்லை.

கோடையில் ஸ்கொட்லாந்துப் பக்கம் போனால், முடிந்தால் ஸ்டாஃபாவுக்குப் படகு ஏறுங்கள். கடல் ஒத்துழைத்தால்தான் இறக்குவார்கள், ஆகவே ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காத சப்பாத்துப் போடுங்கள். குகை வாயிலுக்குப் போனதும் கைபேசியைக் கொஞ்ச நேரம் பொக்கற்றுக்குள் வையுங்கள். முதலில் காது கேட்கட்டும், அந்த முழக்கத்தை எந்தக் கண்ணாடித் தகடும் பிடிக்கவில்லை. பிறகு கண் பழகட்டும். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்த பிறகு படம் எடுங்கள்.

போக முடியாதவர்கள், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கிற நேரத்தில், வழமையாகச் சுவரோரம் தனியாக நிற்கிறவர் யார் என்று பாருங்கள். அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போடுங்கள். கேள்வி எதுவும் தயார் பண்ண வேண்டாம். தேநீர் ஆறிப்போனாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.